கல்புரட்டியும் கொடியில் காய்ந்த விரிப்புகளும்

அவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நாற்பத்தாறு வயதாகிறது, பேருந்தில் இடம் கிடைத்தால்கூட இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைக்குப் போனால் மேலே பளபளவென்று இருக்கிற தக்காளியை விட்டுவிட்டு அடியில் கிடப்பதை எடுத்துப் பார்ப்பாள். புதுத் தட்டு வாங்கினால் முதலில் அதன் முதுகைப் பார்ப்பாள். யார் வீட்டுக்காவது போனால் வாசலில் கிடக்கும் மிதியடியின் ஓரத்தைக் கால் விரலால் தூக்கி ஒரு பார்வை. இதெல்லாம் தொழில் புத்தி, விட்டுத் தொலையாது. இருபத்தொரு வருடமாக ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டி, அடியில் என்னென்ன பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலை. நீர் வாரியத்தில் அவள் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அதை யாரும் வாயில் நுழைத்துப் பார்த்ததில்லை. ஊருக்கு அவள் கல்புரட்டி. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பூச்சியை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"தண்ணிய பாட்டில்ல பிடிச்சுப் பாத்தா, பிடிச்ச நேரத்துக் கதையத்தான் அது சொல்லும். காலையில கண்டதையும் திறந்துவிட்டுட்டு மத்தியானம் மூடிட்டா, சாயங்காலம் பிடிச்ச பாட்டில் சுத்தமா இருக்கும். பூச்சி அப்படி இல்ல. மாசக்கணக்கா அங்கேயே குடியிருக்கு. நடந்தது எல்லாம் அது மேலதான நடந்திருக்கு."

செய்முறை பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நீரோட்டத்துக்கு எதிராக வலையைப் பிடித்துக்கொண்டு, வலைக்கு முன்னால் மூன்று நிமிடம் காலால் அடிமண்ணைக் கிளறுவாள். கிளம்புகிற பூச்சியெல்லாம் தண்ணீரோடு வந்து வலையில் விழும். வெள்ளைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இனம் பிரிப்பாள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மதிப்பெண். எந்த அழுக்கையும் தாங்கிக்கொண்டு கிடக்கும் சிவப்புப் புழுவுக்கு இரண்டு. கொஞ்சம் கெட்டாலும் செத்துப்போகிற ஜாதிகளுக்குப் பத்து. பத்து வாங்குவதில் முக்கியமானது ஒருநாள் பூச்சியின் குஞ்சு. ஒரு வருடம் தண்ணீருக்கு அடியில் கல்லைக் கட்டிக்கொண்டு வளரும், பிறகு சிறகு முளைத்து வெளியே வந்து இரண்டொரு நாளில் கதை முடிந்துவிடும். பின்பக்கம் மூன்று இழை நீட்டிக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அதற்கு மூன்றுவால் என்று பெயர். மூன்றுவால் இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறது. இல்லையென்றால் மேலே எவனோ எதையோ திறந்துவிட்டிருக்கிறான். கல்புரட்டி அந்தக் கணக்கில் இதுவரை எட்டுக் குழாய்களை மூட வைத்திருக்கிறாள்.

அவள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். காலையில் கடையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அசையமாட்டார், கண்ணில் ஒற்றைக் கண்ணாடி, கையில் ஊசிமுனை இடுக்கி. ஆளுக்கு ஓர் இடுக்கி வைத்துக்கொண்டு பிழைக்கும் குடும்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும். "என்னையும் ஒருநாள் புரட்டிப் பாத்துடப்போறா, அதான் அசையாம உக்காந்திருக்கேன்" என்பார் கடைக்கு வருபவர்களிடம்.

இவளுக்கு ஓர் அக்கா. ஏழு வயது மூத்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அடித்தது, அழுதால் துடைத்தது எல்லாம் அந்த அக்காதான். அக்காவும் மாமாவும் ஊர்க்கோடியில், ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் சலவைக்கூடம் வைத்திருந்தார்கள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். நான்கு இயந்திரம், பின்கட்டில் பதினொரு கொடி. அலசின தண்ணீர் மூன்று தொட்டிகளில் தங்கித் தெளிந்து, குழாய் வழியாகப் பாலத்துக்குக் கீழே ஓடையில் விழும். தொட்டி ஒன்று போதாது, மூன்றாகக் கட்டுங்கள் என்று மாமாவை நச்சரித்தவளே கல்புரட்டிதான். மாமா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

அக்கா தினமும் காலை பதினோரு மணிக்கு ஃபோன் செய்வாள். விஷயம் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இன்றைக்கு வெயில் இல்லை, துணி காயவில்லை, மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, உன் குரல் ஏன் கம்மியிருக்கிறது, இப்படிப் போகும். கல்புரட்டி தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கிக்கொண்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடியே உம் கொட்டுவாள். அந்த உம் கொட்டுகிற நேரம் ஒன்றில்தான் அவள் கால் ஆடாமல் இருக்கும்.

எல்லாம் ஆரம்பித்தது அப்படி ஒரு பதினோரு மணிக்குத்தான்.

"ஏண்டி, இங்க ஒரே தொல்லையா இருக்கு. கொடியில போட்ட விரிப்பு பூராவும் பூச்சி வந்து உக்காந்திருக்கு. வெள்ளைத் துணியப் பாத்தா அதுங்களுக்கு என்ன ஆகுதோ தெரியல. உதறினாலும் போகமாட்டேங்குது, ஒட்டிக்குது. உங்க மாமா உதறு உதறுன்னு உதறி ஒரு விரிப்ப ரெண்டாக் கிழிச்சு வச்சிருக்காரு."

கல்புரட்டிக்கு அன்று தலைக்கு மேல் வேலை. வாரியத்து வண்டி பழுதாகி மூன்று வாரம் நின்றுவிட்டதால் எல்லா ஓடைகளும் பாக்கி. வேறொரு ஓடையின் தட்டு முன்னால் இருந்தது.

"திரும்பக் கழுவிப் போடுக்கா. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு நாள் கழித்து அக்கா வீட்டுப் பாலத்து ஓடையின் முறை வந்தது. கிளம்பும்போது மேலாளர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் தமாஷ் செய்யவேண்டிய நேரம் தெரியாதவர்.

"உங்க அக்கா குழாய்க்குக் கீழ எடுக்கணும்ல? இன்னிக்குப் பூதக்கண்ணாடி கொஞ்சம் பெருசா எடுத்துட்டுப் போவீங்களோ?"

அறையில் நாலு பேர் சிரித்தார்கள். கல்புரட்டியும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வண்டியில் ஏறியபிறகு அந்தச் சிரிப்பு அவளுக்குள் இருந்துகொண்டு குடைந்தது. இருபத்தொரு வருடம் கை சுத்தமாக வேலை செய்தவளைப் பார்த்து, அக்காவுக்காக இல்லாத பூச்சியையும் தேடிப் பிடிப்பாள் என்று ஒரு பேச்சு.

பாலத்துக்கு மேலே மரங்கள் குடை பிடித்த இடத்தில் முதல் வலை. நாற்பத்தொரு மூன்றுவால். பாலத்துக்குக் கீழே, அக்கா வீட்டுக் குழாயையும் தாண்டி இரண்டாவது வலை. அங்கே இரண்டு கரையிலும் சாலை அகலப்படுத்துவதற்காக முந்தின வருடம் மரங்களை வெட்டியிருந்தார்கள். தண்ணீர் மேல் வெயில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. தட்டில் சிவப்புப் புழு நெளிந்தது. நத்தை, அட்டை. மூன்றுவால் ஒன்றுகூட இல்லை. மறுபடியும் வலையை வைத்தாள். மறுபடியும் இல்லை. கைக்கு எட்டின கல்லையெல்லாம் புரட்டினாள், இடுப்புவரை நனைந்தாள். ஒன்றும் இல்லை. படிவத்தில் நிழல் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள். அங்கே பேனாவை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கே யோசிக்க, காதுக்குள்தான் அந்த நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்களே.

மேலாளர் தாளைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். "கொஞ்சம் பொறுத்துக் கையெழுத்துப் போடுங்கம்மா. ஆறப்போட்டுப் பாக்கலாம்" என்றார்.

"எங்க அக்கா குழாய்ங்கறதாலதான் சார் உடனே போடறேன்."

போட்டாள். அந்த நிமிடத்தில் அவளுக்குத் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். சொந்த அக்கா என்றுகூடப் பார்க்காதவள் என்று நாளைக்குப் பேசுவார்கள் இல்லையா.

பேசினார்கள். ஆள் வந்து குழாய் வாயை மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனான். தண்ணீர் வெளியே போக வழி இல்லாவிட்டால் இயந்திரம் ஓட்ட முடியாது. நான்கும் நின்றன. ஒரு மாதத்தில் விசாரணை. அதில் உத்தரவு உறுதியானால் சலவைக்கூடத்தின் உரிமம் போய்விடும். இருபத்தாறு வருடமாக அவர்கள் இரண்டு பேரும் ஈரத் துணி பிழிந்து உண்டாக்கினது அது, வேறு பிழைப்பும் தெரியாது.

செய்தியைச் சொல்ல அவள் நேரில் போனாள். மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீ சொன்ன மூணு தொட்டியும் கட்டினேனேம்மா" என்றார். அவ்வளவுதான். அக்கா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கல்புரட்டி நுண்ணோக்கியில் கண்ணை வைப்பாள், எடுப்பாள், ஃபோனை எடுத்துப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடி நிமிர்த்துவாள். பத்தே முக்காலுக்கே கை கால் பரபரக்க ஆரம்பித்துவிடும். அறைக்குள் நடப்பாள். கழுவின தட்டையே திரும்பக் கழுவுவாள். வீட்டிலும் இதே கதைதான். சோற்றுத் தட்டோடு எழுந்து ஜன்னலுக்குப் போவாள், என்னத்துக்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். அவள் நான்கு முறை ஃபோன் செய்தும் அக்கா எடுக்கவில்லை.

"நீ செஞ்சது சரின்னா நிம்மதியா உக்காரு" என்றார் வீட்டுக்காரர்.

"சரிதான்."

"அப்புறம் ஏன் இப்படி அலையற?"

சரியான காரியம் செய்துவிட்டு ஒருத்திக்கு இத்தனை அவஸ்தை எதற்கு என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

விசாரணைக்கு முன்னால் இரண்டு இடத்திலும் இன்னொரு முறை பூச்சி எடுக்கவேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை விசாரணை, திங்கட்கிழமை காலை அவள் ஓடைக்குப் போனாள். முதல் முறை எடுத்து மூன்றரை வாரம் ஆகியிருந்தது. கீழே போட்ட வலையில் பழையபடியே சிவப்புப் புழு. பிறகு பாலத்துக்கு மேலே, மர நிழலில் வலையை வைத்து மூன்று நிமிடம் கிளறிவிட்டுத் தட்டில் கொட்டினாள்.

மூன்றுவால் இல்லை.

தட்டை ஆட்டிப் பார்த்தாள். தவறான இடத்தில் வைத்துவிட்டோமோ என்று பத்தடி தள்ளி இன்னொரு வலை. இல்லை. போன முறை நாற்பத்தொன்று இருந்த இடம் இது. இதற்கு மேலே எந்த வீடும் இல்லை, எந்தக் குழாயும் இல்லை, வெறும் மலைச்சரிவு. இங்கே யார் எதைத் திறந்துவிட்டிருப்பார்கள்?

அப்போதுதான் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கற்களைப் பார்த்தாள். கல்லுக்குக் கல் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் நீளமாகக் கீறல் விழுந்த வெறும் தோல், மூன்று வாலோடு. உள்ளே இருந்தது சிறகு முளைத்துப் போய்விட்டது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. மேலே நிழல், தண்ணீர் சில்லென்று இருக்கும், குஞ்சுகள் மெதுவாக வளர்ந்து இந்த வாரம்தான் பறந்திருக்கின்றன. கீழே மரம் வெட்டியாயிற்று, வெயிலில் தண்ணீர் சூடு. அங்கே இருந்ததெல்லாம் சீக்கிரமே முற்றி நான்கு வாரம் முன்னாலேயே பறந்துவிட்டன. அதற்குப் பிறகு போய் அவள் வலையை வைத்திருக்கிறாள். வருடா வருடம் இவை பறப்பதற்கு முன்பே எடுத்துவிடுவாள், இந்த வருடம் வண்டி நின்றதில் தேதி தள்ளிப்போனதை மறந்துவிட்டாள். முட்டைகள் மண்ணில்தான் கிடக்கும், ஆனால் வலைக்கண்ணில் சிக்காது. காலி வீட்டைப் பார்த்துவிட்டு, குடியிருந்தவர்களைக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு அவள் நடத்தும் முதல் பாடமே இதுதான். தேதியைப் பார், நிழலைப் பார், பறந்துவிட்டதா என்று பார்.

பறந்திருந்தால் யாராவது பார்த்திருக்கவேண்டுமே என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அக்காவின் குரல் காதில் விழுந்தது. வெள்ளைத் துணி பூராவும் பூச்சி.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. வலையை அப்படியே கரையில் போட்டுவிட்டு, முழங்கால்வரை இருந்த ரப்பர் காலணியில் தண்ணீர் சளக் சளக்கென்று அடிக்க, சலவைக்கூடத்துக்கு ஓடினாள்.

அக்கா கதவைத் திறந்தாள். வழி விடவில்லை.

"என்ன, இன்னும் மூடறதுக்கு ஏதாவது பாக்கியிருக்கா?"

"அக்கா, அன்னிக்கு விரிப்புல பூச்சி உக்காந்துச்சுன்னு சொன்னியே. அது எப்படி இருந்துச்சு? வால் இருந்துச்சா?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"இப்பத்தான் அது உன் காதுல விழுந்துச்சா?" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, அதுவே அனுமதி என்று எடுத்துக்கொண்டு கல்புரட்டி பின்னாலேயே போனாள். எப்போதும் இரைச்சலும் ஆவியுமாக இருக்கும் இடத்தில் மாமா இருமுவது தெளிவாகக் கேட்டது. கொடிகள் வெறும் கயிறாகத் தொங்கின. நான்கு இயந்திரங்களில் மூன்றைப் பழைய பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள். நான்காவதை ஒரு கிழிந்த வெள்ளை விரிப்பால் மூடியிருந்தார்கள்.

அவளால் சும்மா இருக்க முடியுமா. அக்கா வாயைத் திறப்பதற்குள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிவிட்டாள்.

அடிப்பக்கம் முழுக்கத் தோல். அரிசி நீளத்துக்குக் கண்ணாடி போல மெல்லிசாக, இறகின் உறைகூடக் கசங்காமல், பின்னால் மூன்று இழையோடு வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. ஒருநாள் பூச்சிக்கு மட்டும் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சிறகு முளைத்து வெளியே வந்தபிறகும் எங்காவது போய் உட்கார்ந்து இன்னொரு தரம் தோல் உரிக்கும். வேறு எந்தப் பூச்சியும் அப்படிச் செய்வதில்லை. கீழோடையில் உயிரோடு வளர்ந்து வந்தவைதான் இந்த வெள்ளைத் துணியில் உட்கார்ந்து சட்டை கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. கல்புரட்டி எண்ண ஆரம்பித்தாள். இருநூறைத் தாண்டியதும் கண் மறைத்தது.

"இது இவர் அன்னிக்குக் கிழிச்சது. விடுதிக்குத் திருப்பிக் குடுக்க முடியாதேன்னு மூலையில போட்டு வச்சேன்" என்றாள் அக்கா. பிறகு, குரலை உயர்த்தாமலே, "நான் உனக்குத்தான முதல்ல ஃபோன் பண்ணினேன். ஊர்ல இருக்கிற கல்ல எல்லாம் புரட்டற. அக்கா என்னடா சொல்ல வராங்கறத மட்டும் கேக்க நேரமில்ல உனக்கு. கழுவிப் போடுன்னு சொல்லிட்டு வச்சிட்ட."

கல்புரட்டி அழுதுவிட்டாள். மாமா சங்கடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை நான் எடுத்துட்டுப் போகணும்க்கா."

"எடுத்துட்டுப் போ. எல்லாத்தையுந்தான் எடுத்துட்ட."

மேலாளர் விரிப்பைப் பார்த்தார், லென்சை வைத்தும் பார்த்தார். அவருக்கு இது என்ன என்று புரியாமல் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் யோசிங்கம்மா. இந்தத் துணி யார் வீட்டுத் துணி? உங்க அக்கா வீட்டுது. யார் கொண்டுவந்தது? நீங்க. அக்கா அழுதாங்க, இவங்க மாத்திட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க மூடின மத்த எட்டுக் குழாய்க்காரனும் நாளைக்கே வாசல்ல வந்து நிப்பான். எங்க தாளும் தப்புத்தான்னு கேப்பான். அவனுக்கு என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அக்கா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டபோது நல்ல பெயர் வாங்கினாள், அது பொய்த் தாள். இப்போது உண்மையைச் சொன்னால் கெட்ட பெயர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. மூன்று நாளும் அவள் உட்காரவில்லை, நின்றபடியே சாப்பிட்டாள். புதன்கிழமை மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டு, நடந்தே வீட்டுக்காரர் கடைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார். "உன் வேலை எனக்குத் தெரியாது. என் வேலையில, நான் சரி பண்ணிக் குடுத்த கடிகாரம் தப்பா ஓடுதுன்னு தெரிஞ்சா திறந்துதான் ஆகணும். தெரிஞ்சவன் கடிகாரமா இருந்தாலும் திறக்கணும், அதுக்காகத் திறக்காம இருக்க முடியுமா" என்றார். சொல்லிவிட்டு ஒரு சின்ன திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை விசாரணை மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்புரட்டி அவர்களுடைய காகிதங்களுக்கு மேலேயே விரிப்பை விரித்தாள். அக்காவும் மாமாவும் பின் வரிசையில் இருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் தாள் தப்பு. நான் போனபோது பூச்சி சாகல, பறந்து போயிருந்துச்சு. நிழல் இல்லைன்னு நானே எழுதியிருக்கேன், எழுதிட்டு யோசிக்கல."

ஓர் உறுப்பினர் கேட்டார். "இது உங்க அக்கா வீட்டு விரிப்புதானே?"

"ஆமா சார்."

"நீங்களே போய் எடுத்துட்டு வந்தீங்களா?"

"ஆமா."

ஒருவர் இருமினார், யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். மேலாளர் தரையைப் பார்த்தார்.

"நான் சொல்றத நீங்க நம்ப வேணாம்" என்றாள் கல்புரட்டி. "நம்பினதுலதான் இவ்வளவும் ஆச்சு. குஞ்சு பொரிச்சு வலையில சிக்கற அளவு வளர ரெண்டு மாசம் ஆகும். அப்ப வேற ஊர்லேருந்து ஆள் வந்து எடுக்கட்டும். நான் ஓடைப் பக்கமே வரமாட்டேன். என் மத்த எட்டுத் தாளையும் அவங்களே பாக்கட்டும். அதுவரைக்கும் இந்தத் துணிய மட்டும் கண்ணால பாருங்க. இது அந்தக் குழாய்க்குக் கீழ வளர்ந்தது."

தலைவி லென்சை வாங்கிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது முத்திரையை எடுக்கச் சொன்னார். வெளியூர் ஆள் வந்து பார்க்கும்வரை கல்புரட்டியின் கையெழுத்து எந்தத் தாளிலும் செல்லாது என்றும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து வெளியூர் அம்மா ஒருவர் வந்து, மூச்சு வாங்க ஓடையில் இறங்கி, பாலத்துக்குக் கீழே முப்பத்திமூன்று மூன்றுவால் எடுத்தார். மற்ற எட்டுத் தாள்களிலும் தப்பில்லை. அக்காவின் சலவைக்கூடம் தப்பித்தது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் இரண்டு விடுதிகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டன, நான்கு இயந்திரத்தில் இரண்டுதான் ஓடின. கல்புரட்டிக்குக் கையெழுத்து திரும்பிவந்தது, பதினோரு மணி திரும்பிவரவில்லை. அவள் வாரம் ஒரு முறை போவாள். மாமா பேசுவார். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொடிப் பக்கம் போய்விடுவாள். கல்புரட்டி நின்றுகொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

அலுவலகத்தில் அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். படிவத்தின் அடியில் தன் கையால் ஒரு வரி எழுதி, அதை எல்லாப் படிவத்திலும் அச்சடிக்க வைத்தாள். 'கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டாயிற்றா?' மேலாளர் அதைப் பார்த்துத் தமாஷ் ஏதும் செய்யவில்லை.

அடுத்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள். நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தட்டில் பாதிதான் பிரித்திருந்தாள். ஃபோன் அடித்தது. மணி பதினொன்று. பெயரைப் பார்த்ததும், எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்ற பயத்தில் இடுக்கியைக் கீழே போட்டாள்.

"ஏண்டி" என்றது அக்காவின் குரல், ஒரு வருடம் நடுவில் இல்லாதது போல. "வந்து உக்காந்திருச்சு. பதினொரு கொடியும். ஒரு விரிப்பு பாக்கியில்ல."

"கழுவிடாதக்கா. கைய வைக்காத. நான் இப்ப வரேன்."

"கழுவறதா இருந்தா உனக்கு எதுக்குடி ஃபோன் பண்றேன்?"

கல்புரட்டி விளக்கை அணைக்காமலே கிளம்பிவிட்டாள்.